பட்டாவில் அவள் பெயரும் உண்டு!

உங்கள் அஞ்சறைப் பெட்டியையும் அலமாரியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், சகோதரிகளே! குழம்புக்கு வாசனை கொடுக்கிற கல்பாசி, இருமலுக்குத் தேன், வயிறு சரியில்லை என்றால் உரைத்துக் கொடுக்கக் கடுக்காய், தலைக்குச் சீயக்காய், ஊறுகாய்க்கு மலை நெல்லிக்காய்... இதெல்லாம் மளிகைக் கடையிலா விளைகிறது? யாரோ மலையேறி, மரமேறி, பாறையில் தொங்கி எடுத்து வந்ததுதானே? அந்த 'யாரோ' யார், அந்த மலையில் அவர்களுக்கு என்ன பாத்தியதை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலை. நமக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கே குடியிருப்பவர்களுக்கோ அதுதான் அடுப்படி, வைத்தியசாலை, கோயில் எல்லாம்!

யார் இவர்கள்?

தேனி மாவட்டத்து மலைகளில் முக்கியமாக வாழ்கிறவர்கள் பளியர்கள். கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி என்று ஒரு ஊர். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் மலையேறுவார்கள். ஊர்ப் பேரிலேயே அவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள்! போடி மலையில் குரங்கணிக்கு மேலே முதுவர்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து மூட்டை முடிச்சை முதுகில் சுமந்து மலையேறியதால் அந்தப் பேர் வந்தது என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில், மன்னான் என்ற இனத்தார். அவர்களும் மதுரையைத்தான் பூர்வீகமாகச் சொல்கிறார்கள். கோயில்மலையில் அவர்களுக்கு இன்றைக்கும் ஒரு ராஜா உண்டு!

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1962 முதல் 1964 வரை பளியர்களோடு பழகி எழுதியிருக்கிறார். சண்டை மூளும்போல் இருந்தால் பளியர்கள் அந்த இடத்தை விட்டே விலகிப் போய்விடுவார்களாம். கை ஓங்குவது பெரிய இழுக்காம். புருஷன் பெண்டாட்டிக்கு உத்தரவு போடுவதும் கிடையாது, பெண்டாட்டி புருஷனுக்குப் போடுவதும் கிடையாதாம்! இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக் கொண்டார்!

எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காகத் தேன் கொண்டு வருகிற ஒரு பளியர் அக்கா உண்டு. பேர் வேண்டாம், தேன்கார அக்கா என்றே சொல்கிறேன். மலைத்தேன் எடுக்க ராத்திரியில்தான் போவார்களாம். பாறையில் தொங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது யார் தெரியுமா? "பொண்டாட்டியோட பொறந்தவன்தான் பிடிக்கணும் தாயி. தன் அக்கா தங்கச்சி தாலிய அறுக்க எவனுக்காச்சும் மனசு வருமா?" என்றாள். வள்ளிக்கிழங்கு தோண்டினால் அதன் தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் வைத்து மூடிவிட்டுத்தான் வருவார்களாம். மறு வருஷத்துக்கு வேண்டுமே!

தண்ணீருக்கு ஒரு ஒப்பந்தம்

நம் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்குக்கூட முல்லைப் பெரியாறு தெரியும். 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் ஸர்க்காருக்கும் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய் வாடகை. 1970-ல் அந்த வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-ல் முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பியது. அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. நாம் வடிக்கிற சோறு அந்தத் தண்ணீர்தான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்திரத்தில் கட்சிக்காரர்கள் இரண்டே பேர். தலைமுறை தலைமுறையாகப் பெரியாற்றுக் காட்டில் இருந்த பளியர்களும் மன்னான்களும் அதில் ஒரு தரப்பு இல்லை. அவர்கள் கைநாட்டுக்கு அங்கே இடமே இல்லை!

எங்கும் இப்படித்தானா என்றால், இல்லை. நியூஸிலாந்து தேசத்தில் 1840-ஆம் வருஷம் வைத்தாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷாரும் மவோரி என்கிற ஆதிகுடித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டார்கள். தலைவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெண்களும் சிலர் உண்டு! பின்னால் அந்த உடன்படிக்கை பலவிதமாக மீறப்பட்டது, நிலமும் பறிபோனது. ஆனாலும் கையெழுத்திட்ட காகிதம் இருந்ததால், 1975-ல் அதற்கென்றே ஒரு விசாரணை மன்றம் வைத்து முறையிட வழி பிறந்தது. நம் மலைக்காரர்கள் கையில் காட்டுவதற்கு அப்படி ஒரு காகிதம்கூடக் கிடையாது.

சொந்த வீட்டில் அந்நியர்

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பேரில் அது இன்றைக்கும் இருக்கிறது. காடுகள் ஒவ்வொன்றாக 'ரிசர்வ்' ஆயின. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கிழங்கு தோண்டிய இடத்தில் தோண்டினால் குற்றம் என்றாயிற்று. தேனும் கடுக்காயும் எடுக்கிற உரிமை குத்தகைக்காரர் கைக்குப் போயிற்று. எடுக்கத் தெரிந்தவர்கள் அவரிடம் கூலிக்கு எடுத்தார்கள். கைமாற்று வாங்கிய கடனுக்கு வருஷக்கணக்காக உழைத்த குடும்பங்களும் உண்டு.

பிறகு வனவிலங்குப் பாதுகாப்பு வந்தது. மேகமலை சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. புலியும் வேண்டும், காடும் வேண்டும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் புலிக்கு இடம் குறிக்கும்போது, புலியோடு கூடவே வாழ்ந்தவர்களுக்கும் இடம் குறிக்க வேண்டாமா?

2006-ல் வந்த சட்டம்

இதற்காகத்தான் 2006-ல் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காலங்காலமாக நடந்த அநியாயத்தைச் சரி செய்யவே இது என்று முகவுரையிலேயே ஒப்புக் கொண்ட சட்டம் இது! முக்கியமான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்:

2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து, பயிர் செய்து வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தில், 4 ஹெக்டேர் வரை, உரிமை உண்டு. விற்க முடியாது. ஆனால் வாரிசுக்குச் சேரும்.

தேன், கடுக்காய், கிழங்கு போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்குச் சொந்த உரிமை உண்டு.

மனு விசாரணை முடிகிற வரைக்கும் யாரையும் வெளியேற்றக் கூடாது. சரணாலயத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

மனு முதலில் போக வேண்டியது கிராம சபைக்கு. அங்கே அமைகிற வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருந்தாக வேண்டும்.

பத்திரம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். புதைத்த இடம், சாமி கும்பிடும் இடம், பழைய கிணறு எல்லாமே சாட்சியம். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் காட்டினால் போதும். பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு!

எல்லாவற்றையும்விட என் மனசுக்குப் பிடித்தது இதுதான்: கல்யாணமானவர்களுக்கு உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்தே கொடுக்கப்பட வேண்டும். தனித்து வாழும் பெண் குடும்பத்தலைவியாக இருந்தால் அவள் பெயரிலேயே கொடுக்க வேண்டும். ஊர்நாட்டில் வீடு வாசலோடு இருக்கிற நம்மில் எத்தனை பேர் பெயர் பட்டாவில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!

தமிழ்நாட்டில் இது தாமதமாகத்தான் நடந்தது. தன் அனுமதி இல்லாமல் பட்டா வழங்கக் கூடாது என்று 2008-ல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு வருஷம்! அதற்குள் எத்தனை பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்களோ!

காலியாகக் கிடந்த கட்டம்

தேன்கார அக்கா போன வருஷம் ஒருநாள் மடிப்பில் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள். "படிச்சுச் சொல்லு தாயி, இது செத்துப் போச்சா, உசிரோட இருக்கா?" என்றாள். அவள் புருஷன் நிலத்துக்குப் போட்ட மனுவின் நகல் அது. அந்த மனுஷர் காய்ச்சலில் படுத்து இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அவரு போனா அந்த மனுவும் போச்சு"ன்னு யாரோ சொல்லி விட்டார்களாம்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், சட்டம் படித்தவள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக் கொண்டு நிதானமாகப் படித்தேன். மனுதாரர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். அதற்கு அடுத்த கட்டம் கணவன் அல்லது மனைவி பெயருக்கு. அரசாங்கப் படிவத்திலேயே அதற்கென்று தனி இடம் அச்சடித்திருக்கிறது! எழுதிக் கொடுத்தவர் யாரோ, அதைக் காலியாக விட்டிருந்தார். முப்பது வருஷம் கூடவே காடு சுற்றிய பெண்ணின் பெயர் எழுத அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இம்புட்டு இடமா எனக்கு வச்சிருந்தாக?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவள் பெயரில் புதிதாக எழுதி, கிராம சபையில் கொடுத்தாள். கணவரின் பழைய மனு, மாமியாரைப் புதைத்த இடம், ஊர் மூப்பர் வாக்குமூலம் மூன்றையும் சாட்சியமாகக் காட்டியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் மனு கொடுத்த ரசீது அவள் கையில் இருக்கிறது, அவள் பெயரோடு.

கைவைத்தியத்துக்கும் பங்கு உண்டு

காட்டைப் பற்றிய அறிவுக்கும் இந்தச் சட்டம் உரிமை சொல்கிறது. அகத்தியமலைக் காணிக்காரர் சமாசாரம் கேட்டிருக்கிறீர்களா? 1987-ல் விஞ்ஞானிகள் சிலர் அவர்களைத் துணைக்கு அழைத்துக் கொண்டு மலையேறினார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது, காணிகளோ ஏதோ ஒரு காயைத் தின்று கொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள்! விசாரித்தபோது தெரிய வந்ததுதான் 'ஆரோக்கியப் பச்சை' என்ற செடி. அதிலிருந்து கேரளத்துப் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. 1995-ல் கோவையில் உள்ள ஆயுர்வேத நிறுவனத்துக்கு உற்பத்தி உரிமை கொடுத்தபோது, வந்த பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று தீர்மானித்தார்கள். சொல்லிக் கொடுத்தவருக்கும் பங்கு என்பது நியாயம்தானே?

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, மலையிலிருந்து வருகிறவர்களிடம் பத்துக்கும் இருபதுக்கும் பேரம் பேசாதீர்கள். அது பாறையில் தொங்கி எடுத்த சரக்கு. (ஒரு முக்கிய விஷயம்: எவ்வளவு சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும். இளம் தாய்மார்கள் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்.)

இரண்டாவது, உங்கள் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ வேலைக்கு வருகிற மலைப்பெண்ணின் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் உதவித்தொகையும் மேற்படிப்புச் சலுகையும் கைநழுவிப் போகும். 1989-லிருந்து அதைக் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு உத்தமபாளையத்தில் அலுவலகம் இருக்கிறது. எங்கே போவது என்று சொல்வதுகூட ஓர் உதவிதான்.

மூன்றாவது, அவர்கள் கையில் ஏதாவது மனு இருந்தால் வாங்கிப் படித்துக் காட்டுங்கள். மனைவி பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிராம சபை மனுவைத் தள்ளிவிட்டால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். அங்கேயும் சரிப்படாவிட்டால் மறுபடி 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். நாள் தவறினால் கஷ்டம். அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஆகுமா? மத்தியானம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கிடைக்கிற நேரம் போதும். கண்ணாடியையும் ஒரு பேனாவையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.