மூச்சோடு நகரும் கட்டியைக் குறிவைப்பது எப்படி?

மாணவர்களே, மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். இயல்பாக மூச்சு விடுங்கள். தீப்பெட்டி ஏறி இறங்குகிறதா? நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை, மூச்சை இழுக்கும்போது சுருங்கிக் கீழே இறங்குகிறது. விடும்போது மேலே எழுகிறது. பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை இது நடக்கிறது.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் அதுவும் கூடவே நகரும். மேற்பகுதிக் கட்டிகள் பொதுவாகக் குறைவாகவே அசையும். உதரவிதானத்தை ஒட்டியுள்ள கட்டியோ சிலருக்கு 2 சென்டிமீட்டருக்கும் அதிகமாக ஏறி இறங்கும். கதிர்வீச்சு கட்டியைத் தவறவிட்டால் புற்றணுக்கள் பிழைத்துக்கொள்ளும். நல்ல திசுவில் பட்டால் அது பழுதாகும்.

கோளம் சொல்லும் கணக்கு

“கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே கதிர் பாய்ச்சலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தை எடுங்கள். 3 செ.மீ. விட்டமுள்ள கட்டியின் கன அளவு ஏறக்குறைய 14 கன செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்டால் விட்டம் 5 செ.மீ. ஆகும், கன அளவோ 65 கன செ.மீ. ஆகிவிடும். கூடுதலான 51 கன செ.மீ. முழுவதும் நல்ல திசு!

நான்கு பரிமாணப் படம்

ஆகவே, கட்டி எப்படி நகர்கிறது என்பதை முதலில் அளக்கிறார்கள். நோயாளியின் வயிற்றின் மேல் உங்கள் தீப்பெட்டியைப் போன்ற ஒரு சிறு பெட்டியை வைத்து, அதன் அசைவைக் கேமராவால் கண்காணிப்பது ஒரு முறை. அதே வேளையில் எடுக்கப்படும் சிடி ஸ்கேன் படங்களைக் கணினி மூச்சின் கட்டங்களுக்கு ஏற்ப, பெரும்பாலும் 10 தொகுதிகளாகப் பிரிக்கிறது. நீளம், அகலம், உயரத்துடன் காலமும் சேர்வதால் இது நான்கு பரிமாண சிடி எனப்படுகிறது. நுரையீரல் கட்டிகள் பெரும்பாலும் மேல்-கீழ் திசையில்தான் அதிகம் நகரும். எனவே எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஓரம் விடத் தேவையில்லை.

மூன்று வழிகள்

அசைவு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அதைச் சமாளிக்கும் முறைகளைக் கருதுமாறு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006இல் பரிந்துரைத்தது. முதல் வழி, நோயாளி மூச்சை இழுத்து அடக்கியிருக்கும் சில நொடிகளில் மட்டும் கதிர் பாய்ச்சுவது. இடது மார்பகப் புற்றுநோய்க்கும் இது உதவுகிறது. ஆழமாக மூச்சிழுக்கும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகுகிறது. இரண்டாவது, நோயாளி இயல்பாக மூச்சுவிட, கட்டி குறித்த இடத்திற்கு வரும்போது மட்டும் கதிரை இயக்குவது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் 1990களின் இறுதியில் கட்டியின் அருகே 2 மி.மீ. தங்கக் குண்டைப் பொருத்தி, நொடிக்கு 30 எக்ஸ்ரே படங்களால் அதைக் கவனித்து இதைச் செய்தனர். மூன்றாவது, கட்டியைக் கதிரே பின்தொடர்வது. சைபர்நைஃப் கருவியின் ரோபோக் கை இவ்வாறு நகர்கிறது.

இந்தத் திட்டங்களுக்குப் பின்னால் மருத்துவருடன் மருத்துவ இயற்பியலாளரும் இருக்கிறார். நம் கணக்கில் 1 செ.மீ. ஓரத்தை அரை செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: 65 கன செ.மீ. ஏறக்குறைய 34 ஆகக் குறையும். நோயாளி இழக்காமல் காத்துக்கொள்ளும் நுரையீரல் அது.