காது கொடுத்தாலே பாதி மருந்து

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் பக்கத்து வீட்டுப் பையன் அலைச் சத்தம் கேட்டாலே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். "ஆம்பளப் புள்ள பயப்படலாமா?" என்று அதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அது எவ்வளவு தப்பு என்பது, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் பணியைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. தற்கொலையைத் தடுக்க 1986-ல் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கியவர் இவர். சுனாமியில் உறவைப் பறிகொடுத்த சென்னை மீனவர் குடும்பங்களுக்கு, பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்கள். அப்படி யாரும் போகாத பகுதியைவிட இங்கே மனச்சோர்வு குறைந்திருந்ததாக 2008-ல் ஆய்வு வெளியானது.

சிறு வயதில் மனதில் பட்ட காயம், வளர்ந்தபின் இதய நோய்வரை கொண்டுவிடலாம் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி குழுவினரின் 1998 ஆய்வு.

ஆகவே சகோதரிகளே, குழந்தை "பயமா இருக்கும்மா" என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்று கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் டாக்டரிடம் அழைத்துப் போகத் தயங்காதீர்கள். நான் அன்று அதட்டாமல் கேட்டிருக்கலாம்.