பந்தை விடுங்க, ஓடுறவரைப் பாருங்க!

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் காற்பந்து என்று வாயைத் திறந்தால் போதும், தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கிவிடும். அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரே குறைதான். "அந்த ஸ்ட்ரைக்கர் என்னண்ணே செஞ்சாரு? தொண்ணூறு நிமிஷத்துல பந்தைப் பத்து தடவைகூட தொடலையே. காத்து வாங்கிட்டுப் போனாரு!" நானும் சிரித்து, ஒரு பாட்டைப் போட்டு நகர்ந்துவிடுவேன். இந்தக் குறைக்கு உருப்படியான பதில் ஒன்று இருக்கிறது. அதை எனக்குத் தந்தது நம் காற்பந்து அல்ல, நம்மில் பலர் முழுசாகப் பார்த்தே இராத வேறொரு ஆட்டம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் முனைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பெர்த்தில் வேலை செய்யும் என் அத்தை மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஆஸ்திரேலியக் காற்பந்து ஓடிக்கொண்டிருந்தது. கையில்லாச் சட்டை, முட்டை வடிவப் பந்து, ஆளுக்கு ஆள் மோதல். பக்கத்து மேசையில் "இது ரக்பிதானே?" என்றார்கள். இல்லை. அத்தை மகன் மீன்குழம்பு விரலாலேயே திரையைக் காட்டினார்: "மச்சான், பந்தை விடு. அந்த ஓரத்துல ஓடுறான் பாரு, அவனுக்குப் பந்து வரவே வராது. ஆனா கோல் விழுந்தா அது அவனாலதான்."

அப்படியே விழுந்தது.

இந்த ஆட்டத்தின் சட்டங்கள் 1859-இல் மெல்பர்னில் எழுதப்பட்டவை. நீள்வட்டத் திடல், பக்கத்துக்கு 18 பேர். நடுவிலுள்ள இரு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அவற்றின் இருபக்கமும் நிற்கும் சிறு கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. 15 மீட்டராவது பறந்து வரும் உதையை ஒருவர் நேராகக் கையில் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் 'மார்க்'. அப்புறம் யாரும் அவரைத் தொட முடியாது, நின்று நிதானமாக உதைக்கலாம். முக்கியமான விஷயம், இங்கே ஆஃப்சைடு கிடையாது. யாரும் எங்கும் நிற்கலாம்.

எங்கும் நிற்கலாம் என்றால் எல்லோரும் கோல் வாசலிலேயே நின்றுவிட மாட்டார்களா? நின்றால் காரியம் கெட்டுவிடும். முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் அங்கே நின்றால் அவரைக் காவல் காக்கும் எதிராளியும் அங்கேதான் நிற்பார். ஆறு பேர் நின்றால் பன்னிரண்டு பேர் நெரிசல், பந்து விழ இடமே இருக்காது. அதனால் அங்கே முன்னணி ஆட்டக்காரரின் முதல் வேலை இடத்தைக் காலி செய்வது. கோல் பக்கமிருந்து பந்தை நோக்கி ஒருவர் திடீரென்று ஓடி வருவார். இதை 'லீட்' என்கிறார்கள். காவல்காரர் பின்னாலேயே ஓடி வருவார். இவர் விட்டு வந்த வெற்றிடத்துக்குள் இன்னொருவர் நுழைவார், பந்து அவருக்குப் போகும். முதலில் ஓடியவர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார். உயரமானவர்கள் பந்துக்கு எகிறும்போது அவர்கள் கையிலிருந்து நழுவுவதை எடுக்கக் காலடியில் குட்டையான ஒருவர் காத்திருப்பதும் உண்டு. ரொட்டித்தூள் பொறுக்குகிறவர் என்று அவருக்குச் செல்லப்பெயர்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மார்க்கெட் ஸ்திரீட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தனியாகப் போனால் நகர முடியாது. முன்னால் ஒருவர் கூடையோடு இடப்பக்கம் ஒதுங்கினால் கூட்டமும் சேர்ந்து ஒதுங்கும். வலப்பக்கம் திறக்கும் அந்த அரை விநாடி வழியில் நாம் புகுந்துவிடலாம்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் நார்த் மெல்பர்ன் அணியின் பயிற்றுநர் டெனிஸ் பேகன். 1990-களில் அவரிடம் வெய்ன் கேரி என்ற மிகப் பெரிய முன்னணி ஆட்டக்காரர் இருந்தார். மற்ற பயிற்றுநர்கள் என்றால் அவரைச் சுற்றித் துணைக்கு ஆள் போட்டிருப்பார்கள். பேகன் நேர்மாறாக, மற்ற முன்னணிக்காரர்களை நடுத்திடலுக்கு இழுத்துக்கொண்டார். அவர்களோடு காவலர்களும் போனார்கள். கேரியும் அவரைக் காக்க ஒருவரும் மட்டும், பின்னால் பரந்த புல்வெளி. அந்த வெற்றிடத்துக்குப் 'பேகனின் பட்டி' என்றே பெயர் வந்துவிட்டது, மாடு மேயவிடும் பட்டிதான்! அந்த அணி 1996-லும் 1999-லும் கிண்ணம் வென்றது. இன்றைக்கும் அங்கே பெரிய தலைவலி நெரிசல்தான். 2019-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: நடுவில் பந்தை எறிந்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும், திடலின் மூன்று பகுதிகளிலும் அணிக்கு ஆறாறு பேர்தான் நிற்க வேண்டும். இடத்தைச் சட்டம் போட்டே காப்பாற்ற வேண்டிய நிலை.

இந்த ஆட்டக்காரர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர்களும் அல்லர். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் விமானத் தளத்தை 1950-களிலிருந்து 1988 வரை நடத்தியது ஆஸ்திரேலிய விமானப் படை. குடும்பங்கள் பல இந்தத் தீவிலேயே குடியிருந்தன, பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகூட இருந்தது.

சரி, நம் காற்பந்துக்கு வருவோம். இந்தப் பாடத்தை மலேசியாவுக்கே நடத்திக் காட்டியவர் நம்மவர், கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஓரத்தில் ஓடி ஆடியவர். பந்தில்லாமல் ஓடுவதன் அருமை ஓரத்தில் ஆடுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? 2009-இல் தேசிய அணிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு வியந்தியான் சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கம் கொண்டுவந்தார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் சுசுகி கிண்ணம். ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என உதை. தாய்லாந்தோடு 0-0, லாவோசை 5-1. இந்த மூன்று ஆட்டங்களிலும் முன்னணி ஆட்டக்காரர் சாஃபி சாலியின் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. நம் திங்கட்கிழமை நேயர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. ராஜகோபால் அவரையே நம்பினார். அரையிறுதியில் வியட்நாமுக்கு எதிராகப் புக்கிட் ஜாலிலில் விழுந்த இரண்டு கோலும் சாஃபியுடையவை.

டிசம்பர் 26, இறுதியாட்டத்தின் முதல் சுற்று, மறுபடியும் இந்தோனேசியா. இடைவேளை வரை கோல் இல்லை. அப்புறம் யாரோ லேசர் ஒளி அடித்ததில் இந்தோனேசிய அணி கோபித்துக்கொண்டு திடலைவிட்டு வெளியேறி, சில நிமிடம் கழித்துத் திரும்பியது. 61-வது நிமிடம், சாஃபியின் ஜோடி நோர்ஷாருல் இட்லான் தாலாஹா, நடுவிலிருந்து விலகி ஓரத்துக்கு ஓடினார். தற்காப்பு ஆட்டக்காரர் மாமான் அவரோடு போனார். பந்தைப் பறித்துக்கொண்டு உள்ளே திரும்பி, வாசலுக்குக் குறுக்கே நோர்ஷாருல் தட்டிவிட்டபோது சாஃபி அங்கே இருந்தார். கோலடித்தவர் பெயர் பலகையில் ஏறியது. வாசலைத் திறந்துவிட்டவர் ஓரத்தில் நின்றார்.

68-இல் அஷாரி, 73-இல் தலையால் மறுபடி சாஃபி. 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், அந்த ஒரு கோலும் சாஃபியுடையதே. மொத்தம் 4-2, மலேசியாவின் முதல் ஆசியான் கிண்ணம். ஐந்து கோலோடு போட்டியின் அதிக கோல் அடித்தவர் சாஃபி. டிசம்பர் 31 நாடு முழுக்கப் பொது விடுமுறை. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே ஓர் இந்தோனேசியக் கிளப் அவரை வாங்கிக்கொண்டு போய்விட்டது!

அந்த அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி போன்ற நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ராஜகோபாலைப் பற்றிப் பேசும்போது நாம் தங்கத்தையும் கிண்ணத்தையும் மட்டும் சொல்கிறோம். மூன்று ஆட்டம் கோல் இல்லாத ஒருவரை ஏன் வைத்துக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் அதுதான் அவருடைய பெரிய சாதனை. பினாங்குப் பெரியவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. 1974-இல் இந்த மாநிலம் மலேசியக் கிண்ணத்தை வென்ற காலத்து ஈசா பாக்கார், ஷாஹாருடின் அப்துல்லா இணையைக் கேட்டுப் பாருங்கள், கண்கள் மின்னும். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் இந்தப் பக்கம் வரவில்லை என்பது தனி வருத்தம்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நம் சமூகத்தின் ஆட்டக்காரர்களை நம்பி வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி 2022 பருவத்தோடு சூப்பர் லீக்கிலிருந்து விலகிவிட்டது. மேலே போகும் ஏணியில் ஒரு படி குறைந்துவிட்டது. அதனால் பத்து, பன்னிரண்டு வயதில் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், யாரை உட்கார வைக்கிறோம் என்பது முன்னைவிடக் கனமான விஷயம்.

என் குடியிருப்புத் திடலில் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்கள் ஆடுகிறார்கள். முன்னணியில் ஒரு பையன், பதினொரு வயது இருக்கும், ஒல்லி. பந்து வலப்பக்கம் இருந்தால் அவன் இடப்பக்கம் ஓடுவான். அப்பா கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார்: "டேய், பந்து இங்க இருக்கு, அங்க எங்கடா ஓடுற?" போன மாதம் ஓர் ஆட்டத்தில் அவன் அணி மூன்று கோல் அடித்தது. அதில் இரண்டு, இவன் ஓடி விட்டுவந்த இடத்தில் விழுந்தவை. நான் எண்ணிப் பார்த்தேன். கேடயம் இரண்டு கோலடித்த பையனுக்குப் போனது, அது நியாயமே. ஆனால் அடுத்த வாரம் ஒல்லிப் பையன் பெஞ்சில் இருந்தான். "கோலே அடிக்க மாட்டேங்கிறான், பேட்மிண்டன்ல சேர்த்துடலாம்னு பாக்கிறேன் தம்பி," என்றார் அப்பா. பாவம், அவர் கவலை அவருக்கு. சாஃபியின் முதல் மூன்று ஆட்டத்தை அவருக்குச் சொன்னேன். யோசித்தார்.

பையனிடமும் கேட்டேன், பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீ ஏன் இந்தப் பக்கம் ஓடினாய் என்று. சிராப் தண்ணீர்ப் பொட்டலத்தைக் கடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நம்பர் ஃபைவ் என்கூடவே வந்துட்டான்லண்ணே."