செவ்வாய்க்கிழமை அடிக்காத பிரிண்டர்

ஓப்பன் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரிண்ட் எடுக்க மறுக்கிறது என்று மனைவி புகார் சொன்னார். உபுண்டு லினக்ஸ் பயன்படுத்திய கணவருக்கு அது நம்பும்படியாக இல்லை. மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை அவரை உட்காரவைத்து நேரில் காட்டினார். உண்மையிலேயே தாள் வரவில்லை. உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் 2008, 2009 வாக்கில் இடம்பெற்ற இந்தப் புகார், லினக்ஸ் உலகில் இன்றும் பேசப்படுகிறது.

காரணமும் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிண்டருக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில், அது உருவான நாளும் கிழமையும் ஆங்கிலச் சுருக்கமாகப் பதிவாகும். கோப்பின் வகையைச் சொல்ல லினக்ஸில் 'ஃபைல்' என்றொரு சிறு நிரல் இருக்கிறது. எர்லாங் என்ற கணினி மொழியின் கோப்புகளை அடையாளம் காண அதில் வைத்திருந்த விதி ஒரு முழுத் தேதியைத் தேடியிருக்க வேண்டும். எழுதியதில் நேர்ந்த பிசகால், செவ்வாயைக் குறிக்கும் மூன்றெழுத்தைக் கண்டதுமே 'இது எர்லாங் கோப்பு' என்று அது முடிவு செய்தது. அச்சுக்குப் போகும் வழியில் இருந்த ஸ்கிரிப்ட் அந்த முடிவை நம்பியதால் ஆவணம் அச்சாகவில்லை. பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை, கேபிளிலும் இல்லை.

பிரிண்ட் பொத்தானை அழுத்தியதும் நடப்பதைத் தாலுகா ஆபீஸில் ஒரு மனு மேசை மேசையாக நகர்வதோடு ஒப்பிடலாம். செயலி முதலில் ஆவணத்தை கப்ஸ் என்ற அச்சு மென்பொருளிடம் தருகிறது. மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியான மென்பொருள் இது. பிறகு ஆப்பிள் அதை மேக் கணினிகளிலும் பயன்படுத்தியது; பின்னர் அதை வாங்கியும்விட்டது. கப்ஸ் ஆவணத்தை க்யூவில் நிறுத்துகிறது. அடுத்து, ஃபில்டர் எனப்படும் நிரல்கள் அதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகின்றன. கடைசியாக, பேக்எண்ட் என்ற பகுதி அதை யுஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புகிறது. தாள் வரவில்லை என்றால் மனு எந்த மேசையில் நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவதும், லினக்ஸையே புதிதாக நிறுவுவதும் வீண் உழைப்பு.

பார்ப்பதற்கு வழி எளிது. பிரௌசரின் முகவரிப் பட்டையில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து 631 சேர்த்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். பிரிண்டரும் காத்திருக்கும் வேலைகளும் அங்கே தெரியும். பிரிண்டருக்கு எதிரே 'பாஸ்டு' என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. தாள் தீர்ந்தபோதோ கேபிள் கழன்றபோதோ ஒரு வேலை தோற்றிருக்கும். அப்படித் தோற்றதும் க்யூவையே நிறுத்திவிடும் அமைப்பு கப்ஸில் உண்டு. பிறகு எத்தனை முறை பிரிண்ட் கொடுத்தாலும் எல்லாம் வரிசையில்தான் சேரும். அதே பக்கத்தில் 'ரெஸ்யூம்' அழுத்தினால், ஆத்திரத்தில் கொடுத்த பிரதிகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். அதனால் பழைய வேலைகளை முதலில் ரத்து செய்துவிடுவது நல்லது.

க்யூ ஓடியும் தாள் வரவில்லையா? யுஎஸ்பி பிரிண்டர் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை தரும் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கலாம்; மென்பொருளைத் தொட வேண்டியதில்லை.

நம் ஊர் ஆபீஸ்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் வெகுகாலமாகப் பார்த்துப் பழகிய ஹெச்பி லேசர்ஜெட் 1020-இன் கதை வேறு. அந்தப் பிரிண்டர் தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைத் தனக்குள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சை அணைத்தால் அது போய்விடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் மறுபடி ஏற்ற வேண்டும். லினக்ஸில் இந்த வேலையை ஹெச்பிலிப் என்ற மென்பொருள் செய்கிறது. அதற்கு ஹெச்பி தனியாகத் தரும் பிளக்இன் ஒன்றும் தேவை. அந்த பிளக்இன்னும் ஹெச்பிலிப்பும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். கணினியை அப்டேட் செய்யும்போது ஹெச்பிலிப் புதிதாகும், பிளக்இன் பழையதாகவே நிற்கும். நேற்றுவரை அடித்த பிரிண்டர் இன்று காலையில் மௌனமாகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். டெர்மினலில் 'ஹெச்பி-பிளக்இன்' கட்டளையை ஓட்டிப் புதிய பிளக்இன்னை இறக்கினால் சரியாகிவிடும். இதை அறியாமல் நல்ல பிரிண்டரைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிச் செல்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வைஃபை பிரிண்டரில் அடிக்கடி நடப்பது, ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடுவது. கணினி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும்.

எதுவும் பிடிபடாதபோது கப்ஸின் எரர் லாக் இருக்கிறது. என்ன நடந்தது, எந்த ஃபில்டர் தடுக்கி விழுந்தது என்பதை அது வரிவரியாகச் சொல்லும். 'ஃபில்டர் ஃபெயில்டு' என்ற செய்தி வந்தால் கேபிளை விட்டுவிட்டு டிரைவரைக் கவனிக்கலாம்.

உள்ளே நடப்பதை இப்படித் திறந்து பார்க்கும் வசதிக்குப் பின்னாலும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் வந்தது. தாள் அடிக்கடி சிக்கியது. பழைய பிரிண்டரின் நிரலை அந்த ஆய்வகத்தின் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, சிக்கல் வந்தால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதியதில் அது முடியவில்லை. நிரலின் மூலத்தைத் தர மறுத்துவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளின் பக்கம் தன்னைத் தள்ளிய நிகழ்ச்சிகளில் ஒன்றாக ஸ்டால்மன் இதைச் சொல்லிவந்திருக்கிறார். 1983-இல் அவர் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் இன்றைய பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஓடுகின்றன.

புதிய பிரிண்டர் வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பல இல்லை. ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டை ஆதரிக்கும் பிரிண்டர்களைத் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸ் கண்டுகொள்ளும். கடையில் பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வரப்போகும் கப்ஸ் 3 பழைய பாணி டிரைவர்களை அடியோடு கைவிடுகிறது. பழைய பிரிண்டர்களைக் காப்பாற்ற, டில் கம்ப்பெட்டர் வழிநடத்தும் ஓப்பன்பிரிண்டிங் குழு 'பிரிண்டர் அப்ளிகேஷன்' என்ற இடைநிலை மென்பொருள்களை உருவாக்கியிருக்கிறது. ஹெச்பிலிப்புக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டது; பிளக்இன்னையும் அதன் பிரௌசர் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.