ப்ளீச் ஏன் வீரியம் இழக்கிறது?

போன வருடம் வாங்கிய ப்ளீச்சை ஊற்றித் தேய்த்தும் குளியலறைக் கறை போகவில்லையா? குறை உங்கள் கையில் இல்லை, பாட்டிலுக்குள் இருக்கலாம்.

ப்ளீச்சின் உயிர்நாடி சோடியம் ஹைப்போகுளோரைட். கறையின் நிறத்தையும் கிருமிகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைப்பது இதுதான். ஆனால், சும்மா வைத்திருந்தாலும் இது தானே சிதைந்து, மெல்ல மெல்ல உப்பாகவும் குளோரேட்டாகவும் மாறும். வெயிலும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். செம்பு, நிக்கல் துளியளவு கலந்தாலே அதிலிருந்து ஆக்சிஜன் பிரிந்து வெளியேறும்.

இந்தச் சிதைவைத் தயாரிப்பாளர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? காஸ்டிக் சோடா என்னும் காரத்தைச் சேர்த்து, பிஎச் அளவை 11-க்கு மேல் நிறுத்துகிறார்கள். உலோகத் துகள்களை வடிகட்டுகிறார்கள். ஒளி புகாத பாட்டிலில் அடைக்கிறார்கள்.

ப்ளீச்சைக் கழிவறை ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். அந்தக் காரக் காவல் உடைந்து, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்!