சாமைக்கு ஏது மானியம்?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வந்து சேரும் இடம் வளப்பூர் நாடு. மலையிலுள்ள பதினான்கு நாடுகளில் ஒன்று. கோயிலையும் ஆகாய கங்கையையும் பார்த்த கையோடு பெரும்பாலானோர் கீழே இறங்கிவிடுகிறார்கள். சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினர் செய்யும் வெள்ளாமையை நின்று பார்ப்பவர் குறைவு.

ஒரு காலத்தில் அந்தச் சரிவுகள் சாமைக்கும் தினைக்கும் உரியவை. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனச் சாமையிலேயே இத்தனை ரகம். பிறகு மரவள்ளி பரவியது. கிழங்கை வாங்கிக்கொள்ள மலைக்குக் கீழே சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் இருக்கின்றன. விற்றால் கையில் ரொக்கம். சாமையோ அறுத்து, அடித்து, புடைத்த பிறகும் உரலில் குத்தித் தோல் நீக்கினால்தான் சோறாகும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது, சாமை அடியோடு மறையாதிருக்கச் செய்த பெரிய உதவி.

அரசுப் பணம் வேறு கணக்கில் வருகிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் விழும். என்ன பயிர் என்று யாரும் கேட்பதில்லை. நிலம் யார் பெயரில் என்பதே கேள்வி. பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்தால் முதலில் அதை மாற்றியாக வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து களையெடுப்பவளின் பெயர் பட்டாவில் இல்லையென்றால் அவளுக்குத் தவணையும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் நடத்தும் சாகுபடி நிலங்கள் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்தான்.

ஆவணம் கேட்பதே தவறு என்று சொல்லவில்லை. தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் இத்திட்டத்துப் பணம் போனதும், சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடும் 2020-இல் தமிழகத்தில்தான் வெளிவந்தன.

ஆனால் மானியத்தை எதோடு கட்டுகிறோமோ அதுதான் வயலில் பெருகும். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்த மானியத்தால் உலகச் சந்தையில் விலை விழுகிறது என்று 2002-இல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றது. 2014-இல் அமெரிக்கா 30 கோடி டாலர் தரச் சம்மதித்த பிறகே தகராறு தீர்ந்தது. பக்கத்துக் கர்நாடகம் மானியத்தைச் சிறுதானியத்தோடு கட்டியது. அங்கே ‘ரைத சிரி’ திட்டத்தில் சாமை, தினை போன்றவற்றைப் பயிரிடுவோருக்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் நேரடியாகக் கிடைக்கிறது.

2023-24 தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை நாமக்கல்லைச் சிறுதானியச் சிறப்பு மண்டலத்தில் சேர்த்தது. நல்ல தொடக்கம். இருந்தும் கேழ்வரகுக்கு உள்ள குறைந்தபட்ச ஆதரவு விலை சாமைக்கு இன்னும் கிடையாது. விலைக்கு உறுதியில்லாத பயிரை விதைக்கச் சொல்லும்போது, விதைக்கிறவர் கையில் முன்கூட்டியே பணம் தருவதுதான் நியாயம். பட்டா இல்லாவிட்டாலும், சாகுபடி செய்பவர் இவர் என்று கிராமசபை சான்று தந்தால் போதுமானதாக இருக்க வேண்டும்.

கர்நாடகக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 4,000 ரூபாய். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு அரசு மலையேறி வருகிறது. சாமை விதைத்த காடுகள் பச்சை பிடித்திருக்கும் பருவம் அது. அந்தத் தொகையை அறிவிக்க அந்த மேடையே போதும்.