வாசற்படியில் நின்றுபோகும் சக்கர நாற்காலி

எங்கள் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. கைப்பிடியுடன் கூடிய கழிவறையும் இருக்கிறது. ஆனாலும் எட்டாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவி வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தாள். தசைப் பலவீனத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவள் அவள். வருகைப் பதிவேட்டில் 'உடல்நலக் குறைவு' என்றே எழுதி வந்தேன். வீட்டுக்குச் சென்று பார்த்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பல, வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வாடகை வீடுகளில் வசிக்கின்றன. மழைநீர் உள்ளே வராதிருக்க வாசலை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அந்த மாணவியின் வீட்டு வாசல் தெருவிலிருந்து ஒன்பது அங்குல உயரம். அதற்குமேல் நிலைவாசல் கட்டை இரண்டு அங்குலம். கழிவறை பின்புறம், மூன்று குடித்தனங்களுக்குப் பொது. அப்பாவுக்குக் காலை ஷிப்டு இருக்கும் நாள்களில் அவளைத் தூக்கி இறக்க ஆளில்லை. அந்த நாள்களில் அவள் பள்ளிக்கு வரவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கு வரும் நாள்களிலோ, கிளம்பும் அவசரத்தில் மறுபடி கழிவறைக்குத் தூக்கச் சொல்ல நேரிடுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

இத்தகைய குழந்தையை 'இல்லம் சார்ந்த பயிற்சி' பட்டியலில் சேர்த்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் அந்தப் பயிற்சி, உடல்நிலை காரணமாகப் பள்ளிக்கு வரவே இயலாத குழந்தைகளுக்கானது. ஒன்பது அங்குலப் படி உடல்நிலை ஆகாது.

சட்டம் எதுவரை வருகிறது?

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16இல் கல்வி நிறுவனங்களின் கடமைகளைச் சொல்கிறது: கட்டடமும் வளாகமும் தடையின்றி இருக்க வேண்டும், போக்குவரத்து வசதி தர வேண்டும். பிரிவு 37, அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. இவ்வாறு பள்ளிக்கு வழி இருக்கிறது, அரசு தரும் வீட்டுக்கும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் வாடகை வீட்டில் இருப்பவர். வீடு அவருடையது அல்ல. உடைத்துக் கட்டும் உரிமை அவருக்கு இல்லை.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி மன்றம் வழியாக 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு. வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம், உரிமையாளரின் ஒப்புதல் தேவை. குழந்தைக்காகக் கேட்டால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வாடகைதாரர் தம் செலவில் செய்யும் நியாயமான மாற்றங்களை உரிமையாளர் மறுக்க முடியாது. காலி செய்யும்போது வீட்டின் உட்புறத்தைப் பழையபடி ஆக்கித் தரும்படி அவர் கேட்கலாம்.

நம் நாட்டுச் சொத்து மாற்றச் சட்டம், 1882, பிரிவு 108இலும் இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது. ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், தாம் பொருத்தியவற்றை வாடகைதாரர் வீட்டைக் காலி செய்வதற்குள் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்; வீட்டை முன்பிருந்த நிலையில் விட வேண்டும். எங்களுக்கு இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது.

அளந்து பார்த்தோம்

சாய்தளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் சரிவு 1:12. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அடி. விகிதப் பாடத்தில் இதையே கணக்காகக் கொடுத்தேன். தெருவின் அகலம் பன்னிரண்டு அடி என்று ஒரு மாணவன் அளந்து வந்தான். மீதி மூன்று அடியில் நாற்காலி திரும்பாது, தண்ணீர் வண்டியும் போகாது. சிமென்ட் சாய்தளம் அங்கே சாத்தியமில்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

எனவே வழுக்காத இரும்புத் தகட்டில் ஆறு அடி நீளத்துக்குக் கழற்றி வைக்கும் சாய்தளம் செய்தோம். சரிவு ஏறத்தாழ 1:8. அவள் தனியாக ஏறி இறங்க இது பொருந்தாது. பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தூக்க வேண்டியதில்லை, அம்மாவால் முடியும். நிலைவாசல் கட்டையின் இரு பக்கமும் மரச் சாய்வுக் கட்டை. கழிவறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, சுவரில் ஒரு கைப்பிடி. பீங்கானை உடைக்காமல் அதன்மேல் வைக்கும் கழிவறை நாற்காலி.

வீட்டு உரிமையாளர் முதலில் மறுத்தார். "நாளைக்கு வேற ஆளுக்கு வாடகைக்கு விடணும் சார், வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிடாதீங்க" என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஒரு தாளில் எழுதினோம்: தரையை உடைப்பதில்லை, காலி செய்யும்போது சுவரின் துளைகளை அடைத்துத் தர வேண்டும், சாய்தளம் குடும்பத்துடையது, இதைக் காரணம் காட்டி வாடகையோ முன்பணமோ உயராது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் தனித்துவ அடையாள அட்டை. அது இல்லாமல் எதுவும் நகராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி உபகரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கடும் பாதிப்பு, தசைச் சிதைவு போன்ற வகையினருக்கு மாதப் பராமரிப்புத் தொகை உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டைப் பார்க்க வந்தால், எது முதலில் தேவை என்று அவர்களே சொல்வார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் பயண, துணையாளர் படிகளும், மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத உதவித்தொகையும் உண்டு. மனு நிலுவையில் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

எங்களுக்குக் கழிவறை நாற்காலி உபகரணமாகவே கிடைத்தது. இரும்புத் தகட்டின் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் ஆசிரியர்களும் பகிர்ந்துகொண்டோம். நல்ல மனம் உள்ள ஊரில் இது நடந்துவிடும். நடக்காத ஊரில் ஒரு குழந்தை வீட்டிலேயே இருந்துவிடும். அதனால்தான் வாடகை வீட்டுக்கும் பொருந்தும் மானியத்தை நாம் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானங்கள் வழியாகத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கியது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். நம் பக்கத்து ஊரில் நடந்த வரலாறு இது. இடம் பொருந்தினால் மனிதர் தம் வேலையைச் செய்வார் என்று இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குடும்பம் சென்ற ஆண்டு வேறு வீட்டுக்கு மாறியது. சுவரின் துளைகளை அடைத்துக் கொடுத்தார்கள். இரும்புத் தகடு சாமான்களோடு லோடு ஆட்டோவில் போனது. புது வீட்டு வாசல் ஏழு அங்குலம்தான். "சார், இப்போ சரிவு ஏறக்குறைய ஒன்றுக்குப் பத்து" என்று மறுநாள் காலை வகுப்பில் அவளே கணக்குச் சொன்னாள்.